மலிவு விலையில் சீனித்தம்பி

போன கிழமை புளியந்தீவில் ஒரு சீடிக்கடை வாசலில் ‘கடை மூடப்படுகிறது, எல்லாம் மலிவு’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மலிவு என்ற சொல்லைக் கண்டால் என் கால் என் பேச்சைக் கேட்காது. இப்படி நான் வாங்கிக்கொண்டு வந்த விரியாத குடை, ஒரு காதில் மட்டும் பாடுகிற ஹெட்போன், இரண்டும் இடது காலுக்கான செருப்பு எல்லாவற்றையும் பற்றி என் மனைவியிடம் கேளுங்கள், ஒரு பகல் முழுக்கச் சொல்லுவாள். அன்றைக்கு நான் வாங்கியதைப் பற்றி மட்டும் அவளும் வாய் திறக்கவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே கோபத்தோடுதான் எழுதுகிறேன், நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வாசல் மேசையில் பெட்டிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். பழைய பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்த மணம். கிளறிக்கொண்டு போனபோது அடியில் அது கிடந்தது. நாங்கள் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் போன தமிழ் நகைச்சுவை நாடகம், முழுத் தொகுப்பு. பெயரைச் சொன்னால் உங்களில் பலர் ‘அட, அதுவா!’ என்று சிரிப்பீர்கள். உங்களைச் சிரிக்க வைக்கிற மனநிலை எனக்கு இப்போது இல்லை, சொல்லமாட்டேன். அட்டையில் நாடகத்துக் குடும்பம் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறது. வலது ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, கையில் வெறும் தகரப் பேணியோடு ஒருவர் நிற்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து சீனி இரவல் கேட்டு வருகிற சீனித்தம்பி. சீனித்தம்பியாக நடித்தவர் என்னுடைய அத்தான், அக்காவின் புருசன்.

“கொண்டு போங்க சேர். இதக் கேட்டு வாற ஆக்கள் இப்ப இல்ல,” என்றார் கடைக்காரர். ஒரு வடைக்கும் தேத்தண்ணிக்கும் ஆகிற காசுதான் கேட்டார். நான் பேரம் பேசாமல் கொடுத்ததைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அத்தானின் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. கலியாணப் படம், கண்டக்டர் சட்டையோடு பஸ்ஸில் சாய்ந்து நிற்கிற படம், இன்னும் இரண்டொன்று. குரல் இல்லை. இதுதான் விஷயம். நாடகம் போகிற நேரம் அக்கா டேப் ரெக்கோடரை டீவிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்த கசெட்டுகள் ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருந்தன. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, பெட்டியை வைத்திருந்த அலுமாரியும் இல்லை, அலுமாரி நின்ற அறைக்குக் கூரையும் இல்லை. அன்றிலிருந்து அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கதைக்கிறதை ஒருக்கால் கேட்க வேணும். எத்தனையோ பேரிடம் விசாரித்தோம், எவரிடமும் இருக்கவில்லை. அது இப்போது என் கையில், ஷொப்பிங் பைக்குள் இருந்தது.

அத்தான் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது டீசல் மணம்தான். தோய்த்துக் காயப்போட்ட சட்டையிலும் அது இருக்கும். நாடகம் எழுதுகிற ஒரு மனிதர் ஒருநாள் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார். ஏறாவூரில் ஒரு கூடை கோழியோடு ஏறிய கிழவருக்கும் அத்தானுக்கும், கோழிக்கு டிக்கெட் வேணுமா வேண்டாமா என்று நடந்த வழக்கைக் கேட்டு அந்த மனிதர் பொலன்னறுவை வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். கொழும்பில் இறங்கும்போது அத்தானைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நடிக்கவே வேணாம். இப்பிடியே வந்து கதைச்சாப் போதும்,” என்றாராம். அத்தானும் அப்படியே போய், மட்டக்களப்பில் நாங்கள் வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைத்தார். நாடகத்தில் மற்ற எல்லோரும் வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பேணியை நீட்டி, “ஒள்ளுப்பம் சீனி தாங்க புள்ள, மறுகா தாறன்,” என்பார். ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம், மறுகா என்றால் பிறகு. சீனி கேட்டு வந்தவர் போகும்போது குடை, கதிரை, ஒருமுறை வீட்டுக்காரருடைய சைக்கிள் என்று எதையாவது கொண்டு போவார்.

எங்கள் ஊர் ஆட்களின் விசர்த்தனத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவன் வெறுங்கையோடு போனால் வீட்டுக்காரனுக்குத்தான் மானக்கேடு. அப்படிப்பட்ட ஊர் மனிதன், நாடெல்லாம் பார்க்கிற டீவியில், கிழமைக்குக் கிழமை வெறும் பேணியோடு நிற்பதா? சித்தாண்டியில் ஒரு பெண் பஸ்ஸை மறித்து, ஏறாமல், ஒரு பை சீனியை அத்தானின் நெஞ்சில் இடித்துக் கொடுத்திருக்கிறாள். “எங்கட ஆக்கள் சீனிக்கு வழியில்லாத ஆக்களெண்டு கொழும்பான் நினைக்கமாட்டானா? இந்தா மனே, கொண்டு போ. இனி அங்க போய்க் கேக்காத!” அது நடிப்பு என்று அத்தான் விளங்கப்படுத்தியிருக்கிறார். “நடிப்பெண்டாலும் கேக்காத,” என்றாளாம். அதற்குப் பிறகு வழி நெடுகச் சீனி வரத் தொடங்கியது. எங்கள் வீட்டில் எறும்புக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

நான் அப்போது சங்கக் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். உத்தியோகத்தர் என்ற நினைப்பு தலைக்கேறியிருந்த காலம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உத்தியோகத்தருடைய வேலை கூரையில். கல்லடியில் அக்கா வீட்டு டீவிக்கு வாவிக் காற்றென்றால் ஆகாது, அன்டெனாவை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். “கிறுக்கு, கிறுக்கு, இன்னும் ஒள்ளுப்பம் கிறுக்கு, ஆ, நில்லு!” என்று கீழேயிருந்து கத்துவார்கள். கிறுக்கு என்றால் திருப்பு. அந்த நாடகத்தில் நான் கண்ணால் பார்த்தது மிகக் குறைவு. கேட்டேன். அன்டெனாக் கம்பைப் பிடித்துக்கொண்டு ஓட்டுக்கு மேலே நின்று, அத்தானின் குரல் வந்ததும் கீழே வீடு முழுக்கச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டேன். வருசக்கணக்காக ஊர்ப்பெயர் கூவிக் கூவிக் கீறல் விழுந்த, மூக்கால் வருகிற குரல்.

பிறகு ஒருநாள் வழியில் பஸ்ஸை மறித்து அத்தானை மட்டும் இறக்கினார்கள். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள், அது போய்விட்டது. இறக்கியது யார், எங்கே கொண்டுபோனார்கள் என்று அக்கா ஏறாத கந்தோர் இல்லை, நிற்காத வரிசை இல்லை. பதில் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் பேனை தாளைக் கிழித்துவிடும்.

இப்போது டிவிடி போடுகிற பெட்டி யாரிடம் இருக்கிறது? அன்றைக்கே தேடி அலைந்து, மகனுடைய சிநேகிதன் வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, பின்னேரம் போல அக்கா வீட்டுக்குப் போனேன். நான் முதலே போனில் சொல்லியிருந்தேன். அக்கா முகம் கழுவி, மடிப்புக் கலையாத சேலை உடுத்து, கதிரையை டீவிக்கு நேரே இழுத்துப் போட்டிருந்தாள். அயலட்டையில் ஒருவரும் வரக்கூடாது என்று வாசல் கதவையும் சாத்தினாள். எழுபது வயது மனிசி, பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் போல இருந்தாள்.

முதல் கதையிலேயே அத்தான் வந்தார். அதே நடை, அதே பேணி. வாயைத் திறந்தார்.

“அம்மா, சிறிதளவு சர்க்கரை கிடைக்குமா?”

சீமெந்து விளம்பரத்துக்குப் பேசுகிற கனத்த குரல். எவனோ ஒருவன். அத்தானின் வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் இன்னொரு பக்கம் போகிறது. டீவிதான் பிழை என்று நினைத்து அதில் இரண்டு தட்டுத் தட்டினேன். அடுத்த கதையைப் போட்டேன், அதற்கடுத்ததைப் போட்டேன். எல்லாவற்றிலும் அந்தச் சீமெந்துக்காரன்தான். மற்ற எல்லோருக்கும் அவரவர் குரல் அப்படியே இருக்கிறது. எங்களுடைய மனிதனுக்கு மட்டும்தான் இல்லை.

டிவிடிப் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த கம்பனி இலக்கத்துக்கு முற்றத்தில் நின்று போன் எடுத்தேன். ஒரு பொடியன், நல்ல மரியாதை.

“அண்ணா, அந்தாள்ட பேச்சு வெளிநாட்டுத் தமிழாக்களுக்கு விளங்காதெண்டு, அங்க விக்க எடுத்தப்பவே மாத்திப்போட்டாங்க.”

“முதல் இருந்ததைத் தாங்க. என்ன விலையெண்டாலும் தாறன்.”

“அது இல்லையண்ணா. அந்த டேப்புக்கு மேல வேற நிகழ்ச்சி அடிச்சிட்டாங்க. அப்ப டேப் தட்டுப்பாடுதானே.” பிறகு, “நீங்க மலிவுக்கோ வாங்கினீங்க? மலிவுச் சாமானுக்கு நாங்க பொறுப்பில்லையண்ணா,” என்றான்.

நான் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. வேலிக்கு அப்பால் தலைகள் எட்டிப் பார்த்தன. ஊரில் எனக்குச் சாந்தமான மனிசன் என்று பெயர், அது அன்றோடு போயிற்று. விளங்காதாம்! விளங்காமலா சித்தாண்டியிலிருந்து சீனி வந்தது? உலகத்தில் எல்லாருடைய பேச்சும் எங்களுக்கு விளங்க வேண்டும், எங்களுடைய பேச்சு மட்டும் ஒருவருக்கும் விளங்காது. விளங்கப்படுத்த வேண்டாம், அப்படியே விட்டிருக்கலாமே. இல்லாவிட்டால் திரையில் கீழே விளக்கமாக நாலு எழுத்தாவது போட்டிருக்கலாமே. ஒரு மனிதனுடைய தொண்டையைக் கழற்றி எறிய இவர்கள் யார்?

திரும்பி உள்ளே வந்தால் அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“என்னக்கா சிரிக்கிறாய்? அது அத்தான்ட குரல் இல்ல!”

“எனக்குத் தெரியாதாடா? முகம் அவர்ர முகந்தானே, அதத்தான் பாக்கிறன்.” டீவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். பிறகு என் பக்கம் கிறுகினாள். “அது சரி தம்பி, அவர்ர குரல் எப்பிடி இரிக்கும்? எனக்கு அயத்துப்போச்சுது. எத்தின வருசம் ஆகிற்று. நீ ஒருக்காச் சொல்லிக் காட்டன்.”

எனக்கு மறக்கவில்லை. காலையில் கூட மறக்கவில்லை, அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தபோது அது காதுக்குள் தெளிவாகக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒள்ளுப்பம் சீனி தாங்க புள்ள” என்றேன். சொல் அத்தானுடையதுதான். குரல் கனமாக, வழவழப்பாக வந்தது. இன்னொருமுறை சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அந்தக் கீறலை, அந்த மூக்கை, எங்கே தேடினாலும் அந்த இடத்தில் சீமெந்துக்காரன் குந்திக்கொண்டிருந்தான்.

“போதும், விடு,” என்றாள் அக்கா.

இந்தக் கிழமை முழுக்க முயற்சி செய்து பார்த்துவிட்டேன். குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, விடியப்புறம் எழும்பி இருந்துகொண்டும். வரவில்லை. அத்தானைக் கொண்டுபோனவர்கள் அவருடைய குரலை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள். இத்தனை வருசமும் அது எனக்குள் இருந்தது. அதையும் நானே, மலிவு என்று கண்டு, காசு கொடுத்து அழித்துவிட்டேன்.