யார் விட்ட வாணம்?

குழியில் பணியாரம் வெந்ததா என்று லூர்தம்மாள் குனிந்து பார்ப்பதில்லை. காதைச் சாய்த்துக் கேட்பாள். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் கம்பியால் ஒரு சுழற்று. திண்டுக்கல் பஸ் நிலையத்தின் பின்சந்தில் விடியும்போதே அவள் அடுப்பு எரியும். முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவனையும் நிறுத்திவிடுவாள்: "செத்த நேரம் பொறு அப்பு. பச்சை மாவைத் தின்னுட்டு வயித்தைப் பிடிக்கவா?"

இடக்கண் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், ஒரு மாதா கோவில் திருவிழாவில் அந்தி மங்கும் நேரம் வேடிக்கை பார்த்து நின்றவளின் கண்ணில் எரிந்த வாணக்குச்சி வந்து பாய்ந்தது. வாணம் விட்டவர்கள் இரண்டு பேர்: சாணார்பட்டிப் பொன்னுத்துரை, சின்னாளப்பட்டிச் சடையாண்டி. மைதானம் முழுக்கப் புகை. குச்சி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"யார் வாணம்னு நிரூபிக்கணும்மா. ரெண்டு பேரும் 'என்னது இல்லை'ன்னு கையை விரிச்சா கேஸ் நிக்காது" என்றார் வக்கீல். புருஷனையும் இழந்திருந்தவள் அழுதபடி திரும்பினாள்.

மறுவாரம் பொன்னுத்துரையே சடையாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அக்கா, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் செஞ்சதுதான். யாருன்னு தெரியலைங்கிறதுக்காக ரெண்டு பேரும் தப்பிச்சுப் போனா நாயமா? நான் எட்டு விட்டேன், இவன் நாலு விட்டான். அந்த விகிதத்துல சுமக்கிறோம்."

அன்றிலிருந்து அவள் அடுப்புக்கு மாதம் மூன்று சுமை விறகு. இரண்டு அவருடையது, ஒன்று சடையாண்டியுடையது. மழைக்காலத்திலும் தப்பியதில்லை. கூரை பிய்ந்த வருஷம் கீற்றுகூட அப்படித்தான் வந்தது. லூர்தம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் படுத்தபோது மட்டும் பங்கு பார்க்காமல் இருவர் வீட்டிலிருந்தும் கஞ்சி வந்தது.

"ஒரு கண்ணு போச்சு, கூடப்பொறந்ததாட்டம் ரெண்டு பேரு வந்தாங்க. அம்புட்டுப் பேருக்குமா இது வாய்க்கும்?" என்பாள் கேட்கிறவர்களிடம். ஞாயிறு பூசையில் இருவர் பேரையும் சொல்லித்தான் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

போன மாதம் சுமையை இறக்கிய சடையாண்டி போகாமல் நின்றான். துண்டை முறுக்கினான், அவிழ்த்தான்.

"என்னடா தம்பி, பணியாரம் வேணுமா?"

"இல்லக்கா. இனிமே மூணு சுமையும் நானே கொண்டாரேன். அண்ணன் நிறுத்திக்கிடட்டும். அன்னைக்கு என் வாணம் ஒண்ணு சாஞ்சு…"

மாவு அப்பிய உள்ளங்கையால் லூர்தம்மாள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். அவன் கண் கலங்கிச் சரியென்று தலையாட்டும்வரை கையை எடுக்கவில்லை.