பழைய லென்ஸும் ரிங் ஓரத்து முக்காலியும்

மனிதர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதால்தான் மூலைக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது. குத்துச்சண்டை அரங்கில், ரிங்கின் வடக்கு மூலையில், கயிற்றுக்குக் கீழே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்துதான் அவர் கேமராவில் படம் எடுப்பார். அங்கே உட்கார்ந்தவர் மேல் வேர்வை தெறிக்கும், எச்சில் தெறிக்கும், நல்ல நாளாக இருந்தால் ரத்தமும் தெறிக்கும். சட்டையில் கறை இல்லாமல் வீட்டுக்குப் போனால், அன்றைக்குப் படம் சுமார்தான் என்று மனைவிக்குப் புரிந்துவிடும். இத்தனைக்கும் மனிதர் பரம சாது. கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனைவியைத்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் அரங்க மேனேஜர், மூலைக்காரர் எடுத்த குத்துச்சண்டை வீரனின் படம் போட்ட ஒரு போஸ்டரை மேஜைமேல் வீசினார்.

"என்னய்யா இது? அவன் மூஞ்சில மணலை அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு."

"உள்ள வெளிச்சம் பத்தல சார். என் கேமராவுல வெளிச்சத்தை வாங்குற சென்சார் சின்னது. பெருசாக்கினா புள்ளி புள்ளியாத்தான் வரும்."

"எங்க மாப்பிள்ளை படத்துல வரலையே?"

மேனேஜரின் மாப்பிள்ளை அண்மைக்காலம்வரை மீன்தொட்டி விற்றவர். மீன்கள் செத்ததும் கலைஞராகிவிட்டார். மாமனார் பணத்தில் பெரிய சென்சார் உள்ள புத்தம்புது ஃபுல் ஃபிரேம் கேமராவும், தோளை இறக்கிவிடும் கனத்தில் மூன்று லென்ஸும் வாங்கியிருந்தார்.

"ஃபைனலுக்கு ரெண்டு பேரும் எடுங்க. எவன் படம் போஸ்டருக்குப் போகுதோ, இனிமே முக்காலி அவனுக்கு" என்றார் மேனேஜர், சொந்த மாப்பிள்ளைக்குப் பாரபட்சம் காட்டாத பெருந்தன்மை முகத்தில் வழிய.

மூலைக்காரரின் கையிருப்புப் பணத்துக்கு லென்ஸ் இல்லாத பழைய ஃபுல் ஃபிரேம் கேமரா பாடி ஒன்றுதான் கிடைத்தது. லென்ஸுக்கு மிச்சமில்லை. அதனால் என்ன, கையில் இருக்கிற லென்ஸைப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். விற்ற கடைக்காரர் அவருடைய ஜூம் லென்ஸைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது சின்ன சென்சாருக்குன்னே செஞ்சதுண்ணே. பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. பட்டனை அழுத்துனதும் கேமராவுக்குள்ள இருக்கிற கண்ணாடி எழும்பி இதுல போய் மோதும். ரெண்டுல ஒண்ணு சாகும். உங்ககிட்ட அந்தப் பழைய ஐம்பது எம்எம் லென்ஸ் இருக்கே, ஃபிலிம் காலத்துது, அதை மாட்டுங்க. கச்சிதமா உட்காரும்."

ஐம்பதில் எட்டி எடுக்க முடியாது, அகலமாக விரித்து எடுக்கவும் முடியாது. எதிரே நிற்பவன் பாதி ஆளாகத்தான் விழுவான். ஒரு மூலையில் உட்கார்ந்து ரிங் முழுவதையும் அள்ளிக்கொள்ள ஜூம்தான் வேண்டும். மூலைக்காரர் தலையாட்டிவிட்டு வந்து மனைவியிடம் யோசனை கேட்டார்.

மனைவி பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். அடுத்த விடுமுறையில், டாக்டர் இல்லாத நேரத்தில், ஜூம் லென்ஸை நோயாளி நாற்காலியில் கவிழ்த்து வைத்தார்.

"வலிச்சா கையத் தூக்கு" என்று லென்ஸிடம் சொல்லிவிட்டு, பல் குடையும் மெஷினால் அதன் பின்பக்க பிளாஸ்டிக் வளையத்தை ராவ ஆரம்பித்தார். கருகிய நாற்றம் அறை முழுக்கப் பரவியது. மூலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை முடிந்ததும் லென்ஸ் கேமராவில் உட்கார்ந்தது. தூரத்தை இழுத்தால் பிரச்சினையில்லை. அகலமாக விரித்தால் மட்டும் லென்ஸின் பின்பக்கம் உள்ளே வந்து கேமராவின் கண்ணாடியில் இடிக்கிறது. மனைவி நகப்பூச்சால் ஜூம் வளையத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"இந்தக் கோட்டைத் தாண்டித் திருப்புனீங்க, கையை உடைச்சிடுவேன்."

"உடைச்சுட்டு நீயேதானே கட்டுப்போடணும்?"

"அது தனி."

ஃபைனலில் இரும்புத்தாடை என்று பட்டம் சுமந்தவனும், பகலில் கதவு ஜன்னல் செய்யும் தச்சன் ஒருவனும் மோதினார்கள். தச்சன் ஆணி அடிப்பவனைப் போலக் குத்தினான்: ஒரே இடத்தில், அவசரமில்லாமல், தலை உள்ளே போகும்வரை. இரண்டாவது ரவுண்டிலேயே இரும்புத்தாடையின் புருவம் பிளந்து கண்ணுக்குள் வழிந்தது. கூட்டம் எழுந்து நின்று இன்னும் கேட்டது. பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா, "விலாவுல போடுறா, விலாவுல!" என்று இருமலுக்கு நடுவே கத்தினார்.

மூன்றாவது ரவுண்டில் வயிற்றில் வாங்கிய இரும்புத்தாடை பின்னோக்கிப் பறந்து, கயிற்றைத் தாண்டி, நேராக முக்காலியை நோக்கி வந்தான். காட்சி பெரிதாகப் பெரிதாக அகலமாக விரிப்பதுதான் மூலைக்காரர் கைக்குப் பல வருடப் பழக்கம். கைக்குக் கோடு தெரியுமா, நகப்பூச்சு தெரியுமா? திருப்பி அழுத்திவிட்டது. கேமராவுக்குள் எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி ஒரு முழு ஆள் அவர் மார்பில் விழுந்தான்.

நடுவர் எண்ண ஆரம்பித்தார். இரும்புத்தாடை மூலைக்காரரின் தலையையே படியாக மிதித்து மேலே ஏறிவிட்டான். எதிர்ப்பக்கத்திலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார்:

"அங்கிள், உயிரோட இருக்கீங்களா?"

மூலைக்காரர் கேமராவைக் கவிழ்த்தார். கண்ணாடி பெயர்ந்து துண்டு துண்டாகக் கொட்டியது. ஜூமின் பின்பக்கம் விரிசல். ஐம்பதை எடுத்து மாட்டினார். கண்ணாடி போய்விட்டதால் பார்க்கும் துவாரத்தில் கும்மிருட்டு. லென்ஸ் வளையத்தில் ஃபோகஸ் தூரத்தை ஒரு கை நீளத்துக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொண்டு, எழுந்து, கயிற்றுக்கு அடியில் கேமராவை நீட்டினார். ஷூக்கள் கிறீச்சிட்டு நெருங்கின. மூச்சு நெருங்கியது. அடி விழுந்த சத்தத்தோடு அழுத்தினார். மேலேயிருந்து பல் கவசம் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. நடுவர் எண்ணி முடிக்கும்வரை இரும்புத்தாடை எழவில்லை.

உடை மாற்றும் அறைக்குள் ஒதுங்கி, கேமராவின் பின்திரையில் படத்தைப் பார்த்தார். குத்தியவனைக் காணோம். கன்னத்தில் புதைந்த கிளவுஸ் மட்டும். முகம் ஒரு பக்கமாக ஒழுகிப் போயிருந்தது. திறந்திருந்த ஒரே கண், சந்தைக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்ட குழந்தையின் கண்ணாக, நேரே லென்ஸைப் பார்த்தது.

"அழிச்சிடுங்கண்ணே."

திரும்பினார். புருவத்தில் பாதித் தையலோடு, ஊசி தொங்க, இரும்புத்தாடை பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, இது போனா என் முக்காலி போயிடும்பா."

"தோத்ததுக்கு நான் வெட்கப்படல. என் பையன் இந்த போஸ்டரைப் பார்ப்பான். அவங்கப்பன் பயப்படறது மட்டும்தான் இதுல இருக்கு."

மூலைக்காரருக்கு அந்த நியாயம் புரிந்தது. புரிந்ததால்தான், தனக்கே யோசிக்க நேரம் கொடுக்காமல், பிஸ்கட் அளவிருந்த அந்தப் பழைய ரக மெமரி கார்டை உருவி வாயில் போட்டுப் பற்களை இறுக்கினார்.

இரும்புத்தாடை அடித்தான்.

இத்தனை வருடம் கயிற்றுக்கு வெளியிலிருந்து பார்த்த ஒன்றை மூலைக்காரர் அன்றுதான் உள்ளேயிருந்து பார்த்தார். அதில் சத்தமே இல்லை. வெள்ளையாக ஒன்று வந்தது, பிறகு சுவர் வந்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது குத்தில் உள்ளே ஏதோ நொறுங்கியது. அது கார்டு இல்லை என்று நாக்கு சொன்னது. தையல் போட்டுக்கொண்டிருந்தவரும் பயிற்சியாளரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் மூன்றாவது குத்து சுவரில் இறங்கியது.

மூலைக்காரர் நேராகப் போய் மேனேஜரின் மேஜைமேல் வாயிலிருந்ததைத் துப்பினார்.

"இதுல கார்டு எதுய்யா?" என்றார் மேனேஜர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

மாப்பிள்ளையின் படத்தில் ரிங் முழுவதும் இருந்தது, விளக்குகள் இருந்தன, விளம்பரப் பலகைகள் எழுத்துப் பிசகாமல் இருந்தன, நடுவில் இரண்டு பேர் நடனமாடுவதைப் போல இருந்தார்கள். மேனேஜர் மூலைக்காரரின் படத்தை நீண்டநேரம் பார்த்தார். இரண்டாவது முறை பார்க்கும்போது தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"வீட்ல பொண்ணு என்னைப் பேச்சாலயே கொன்னுடும்" என்று பெருமூச்சு விட்டார். "ஆனா இதைப் பார்த்துட்டு எவன் டிக்கெட் வாங்காம போவான்? உட்காரு, முக்காலி உன்னுதுதான்."

போஸ்டர் ஊரின் சுவரெல்லாம் ஏறியது. ஒழுகிய முகமும் ஒற்றைக் கண்ணும் பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடையில், பள்ளிக்கூட மதிலில்.

அடுத்த போட்டிப் பருவத்தின் முதல் சண்டையன்று மூலைக்காரர் கண்ணாடி ஒட்டிய கேமராவோடு முக்காலியில் உட்கார்ந்தார். மணி அடிப்பதற்கு முன் இரும்புத்தாடை அவருடைய மூலைக்கு வந்து கயிற்றில் சாய்ந்தான்.

"பையன் பார்த்துட்டான்" என்றான்.

"என்ன சொன்னான்?"

மணி அடித்தது. இரும்புத்தாடை எதிராளியைத் தள்ளிக்கொண்டு தெற்கு மூலைக்குப் போனான். அங்கேயே வைத்து அடித்தான். நகர்ந்தால் இழுத்து வந்து மறுபடியும் அங்கேயே நிறுத்தி அடித்தான். கிளவுஸ் சதையில் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாக வடக்கு மூலைக்கு வந்து சேர்ந்தது. மூலைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம், கதவை அடைத்த மாதிரி ஒரு பெரிய முதுகு. எதிர்ப்பக்கத்தில் மாப்பிள்ளையின் கேமரா படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, கொஞ்சம் திரும்புப்பா!" என்று மூலைக்காரர் முக்காலியிலிருந்து எழுந்து கத்தினார்.

கூட்டம் சிரித்தது. முதுகு திரும்பவில்லை. தோள்பட்டை ஒருமுறை பின்னுக்கு வந்து முன்னே பாய்ந்தது. எதிராளி ரிங் பலகையில் விழும் சத்தம் கேட்டது. எப்படி விழுந்தான் என்பதை, பக்கத்து வரிசையில் இருந்தவர்களிடம்தான் மூலைக்காரர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.