மாத்திரையை எப்போது நிறுத்துவாய்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு கல்குவாரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். பாறையை உடைக்கும் கிரஷரையும், ஜல்லியை ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டையும் பழுது பார்ப்பது என் வேலை. நான்காவது வருடம், பெல்ட்டின் உருளை ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. படுத்துவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், பக்கத்துத் தொழிலாளர் கேம்பில் ஒருவன் ரகசியமாக விற்ற வலி கேப்சூலை வாங்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் வலி போனது. கூடவே மனதில் கிடந்த பாரமும் போனது. அதுதான் வினையாகிவிட்டது. ஆறு மாதத்தில், வலி இல்லாத நாளிலும் அது இல்லாமல் முடியவில்லை. போடாத அன்று மூக்கு ஒழுகும், உடம்பு புல்லரிக்கும், கால்கள் தாமாகவே உதைத்துக்கொள்ளும்.

லீவில் ஊருக்குப் போனபோது என் மனைவி இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அரசு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டு எங்கே என்று விசாரித்து அழைத்துப் போனாள். அங்கே எனக்கு புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரையை ஆரம்பித்தார்கள். விழுங்கக் கூடாது, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். அதனால் எனக்கு மயக்கமோ கிறக்கமோ வரவில்லை. உதறலையும் ஏக்கத்தையும் அது பிடித்து நிறுத்தியது, அவ்வளவுதான். "இது சர்க்கரை மிட்டாய் இல்ல. ஒரு வருஷமாவது போடணும். நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். எனக்கு மறுபடி பசித்தது. பல மாதங்களுக்குப் பிறகு மகளின் பள்ளிக்கூடக் கதைகளைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டேன்.

மூன்று மாதத்துக்கான மாத்திரையும் டாக்டரின் கடிதமுமாக விமானம் ஏறினேன். அந்த மாத்திரையை அமீரகத்துக்குள் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மாத்திரைதானே, கடிதம்தான் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். அட்டையில் இருந்த பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, படிக்காமல், மாத்திரைகளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார். அங்கிருந்தே என்னைப் போலீசிடம் ஒப்படைத்தார்கள்.

காவலில் எட்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து பழைய உதறல் வந்துவிட்டது. கூட இருந்த பாகிஸ்தானி டிரைவர் தன் போர்வையையும் எனக்குப் போர்த்தினார். "பாய், புகார் ஹை?" என்று கேட்டார். காய்ச்சலா என்று கேட்ட அந்த மனிதரிடம், ஆமாம் என்று பொய் சொன்னேன்.

ஜாமீனுக்கு ஒருவர் தன் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். கேஸ் முடிந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். கம்பெனி கைவிரித்துவிட்டது. முன்வந்தவர் எங்கள் கேம்புக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த பாய். கீழக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரிடம் கேட்கக்கூட இல்லை. விஷயம் கேள்விப்பட்டு, அவராகவே வந்து கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தவுடன் அவர் காலைத் தொடப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிரும்னு சொல்றாங்க தம்பி. மவ நிக்காஹ் இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு. அதுக்குள்ள ஆயிரும்" என்றார்.

நீதிமன்றம் என்னை ஒரு அரசு சிகிச்சை மையத்துக்கு அனுப்பியது. அங்கிருந்த டாக்டர் சூடான் நாட்டுப் பெண்மணி. என் ஊர் டாக்டரின் கடித நகலை முதல் தடவையாக ஒருவர் முழுக்கப் படித்ததை அங்கேதான் பார்த்தேன். படித்துவிட்டு, அதே மருந்தை அங்கே மறுபடி ஆரம்பித்தார். வாரம் ஒரு தடவை போய் ஏழு மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நீதிமன்ற உத்தரவுப்படி வாரம் இரண்டு தடவை சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு.

முதல் விசாரணையில் என் பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஒரு மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார். நீதிபதி தாழ்ந்த குரலில் அரபியில் ஏதோ கேட்டார்.

"நீ போதைமருந்து சாப்பிடறதுண்டோன்னு கேக்குறார்."

"இல்லிங்க. மருந்துதான் சாப்பிடறேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தடுமாற்றம். ஏதோ சுருக்கமாகச் சொன்னார். நீதிபதி ஃபைலைப் புரட்டினார். அதில் இரண்டு பரிசோதனை அறிக்கைகள் இருந்தன. இரண்டிலும் அந்த மாத்திரையின் பெயரும், இருக்கிறது என்ற குறியும்.

"எப்போ நிறுத்துவேன்னு கேக்குறார்."

"டாக்டர் சொல்றப்ப நிறுத்திடறேன்."

நீதிபதிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் கடுமையானவர் இல்லை. அப்பாவைப் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு, பரிசோதனையில் ஒன்றும் இல்லாமல் வா என்று சொல்லி வாய்தா கொடுத்தார். அடுத்த வாய்தாவிலும் அதே கேள்விதான், அதற்கடுத்ததிலும் அதேதான். மாத்திரை போட்டால் அது பரிசோதனையில் தெரியும். அதைக் கொடுப்பதும் அரசு மையம், அது இருக்கிறது என்று எழுதுவதும் அரசு ஆய்வகம். இரண்டுக்கும் நடுவில் நான் வாரத்துக்கு மூன்று தடவை அலைந்தேன்.

கேஸ் முடியும்வரை டியூட்டி கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. ரூமில் மட்டும் இருக்க விட்டார்கள். காலையில் எல்லாரும் பஸ் ஏறிப் போனதும் கேம்பே காலியாகிவிடும். கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். என் பாஸ்போர்ட்டும் நீதிமன்றத்தில் இருந்ததால் ஊருக்குப் போக முடியாது. கேஸ் இருக்கும்வரை வேறு கம்பெனிக்கும் மாற முடியாது. மனைவி போனில், "சாப்டிங்களா?" என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது. மகளிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது வாய்தா முடிந்து வெளியே வரும்போது, மொழிபெயர்ப்பாளர் நல்ல எண்ணத்தோடு என்னைத் தாழ்வாரத்தில் ஓரமாக அழைத்தார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதே. ரெண்டு டெஸ்ட் சுத்தமா வந்தா மதி, போதும், கேஸ் வேகம் தீரும். அந்த மாத்திரையை நிறுத்து. பின்னே ஊருக்குப் போய் எத்தனை வேணும்னாலும் சாப்பிடு."

பாய் மகளின் நிக்காஹுக்கு அப்போது இருபது நாள்தான் இருந்தது. கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டே, சுவரில் தொங்கிய காலண்டரை அவர் பார்ப்பதை நான் கவனித்திருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரத்து மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே தலையணைக்கு அடியில் வைத்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. நான்காம் நாள் வெயில் கொளுத்தும் மதியத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிற்றுப்போக்கும் வந்தது. உடம்புக் கஷ்டத்தைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பேன். ஆனால் மண்டைக்குள் பழைய குரல் வந்துவிட்டது. ஒரே ஒரு கேப்சூல், இந்த ஒரு தடவை மட்டும், பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று அது கணக்குப் போட்டுச் சொன்னது. நான் நடப்பது எனக்கே தெரியாத மாதிரி நடந்து, பக்கத்து கேம்பில் அந்த ஆளின் ரூம் கதவைத் தட்டினேன்.

கதவு பூட்டியிருந்தது. அவன் டியூட்டியில் இருந்தான். நான் திரும்பிப் போகவில்லை. படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

பாய் அங்கே வந்து நின்றார். நான் நான்கு நாளாகக் கடைப்பக்கம் வரவில்லையென்று கஞ்சி எடுத்துக்கொண்டு என் ரூமுக்குப் போயிருக்கிறார். கட்டிலைச் சரிசெய்யும்போது பிரிக்காத அட்டையைப் பார்த்திருக்கிறார். பழைய கேப்சூல் எங்கே கிடைத்தது என்று ஒருநாள் அவரிடம் சொல்லியிருந்தேன். அட்டையைக் கையில் பிடித்தபடி, வேர்த்துப்போய் நின்றார்.

"இங்க என்ன பண்ற?"

அட்டையை என் முன்னால் நீட்டினார்.

"எதுக்கு நிப்பாட்டுன? யார் சொன்னா?"

"டெஸ்ட் கிளீனா வந்தா கேஸ் முடிஞ்சிரும் பாய். நீங்க ஊருக்குப் போவணும். நிக்காஹ்…"

"நான் கேட்டனா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்ததே அதுதான் முதல். "எம் மவ பேரைச் சொல்லி நீ போய்ச் சாவப் பாக்குறியா? நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அது அடங்கியதும், "எந்திரி, டாக்டரம்மாகிட்டப் போவோம்" என்றார். கடையைப் பூட்டாமலே வந்திருந்தார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கதவைத் தட்டியது உள்பட. அவர் திட்டவில்லை. மாத்திரையைத் தன் முன்னாலேயே போட வைத்தார். பின்பு மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ இப்போது சொன்னதை நீதிபதிக்கு எழுதட்டுமா? அவர் உன் மேல் கோபப்படலாம். ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை."

போதைக் கேஸில் நிற்கிறவன், விற்கிறவனின் வாசலுக்குப் போனேன் என்று தானே ஒப்புக்கொள்வதா? பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது என் முடிவு என்று விட்டுவிட்டார். எழுதுங்கள் என்றேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்று விடியும்வரை யோசித்தேன்.

அடுத்த விசாரணைக்கு டாக்டரையும் வரவழைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் என் காதருகில் குனிந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவன் எப்போ சுத்தமாவான்னு நீதிபதி கேக்குறார்… முன்னே சாப்பிட்ட கேப்சூல் ஒரு டெஸ்ட்லகூட இல்லேன்னு டாக்டர் சொல்றாங்க. டெஸ்ட்ல தெரியறது நான் கொடுக்கிற மருந்து மட்டும்தான்னு… நிறுத்தினா என்ன ஆகும்னு கேக்குறார்… நிறுத்திப் பார்த்தாச்சு, நாலாம் நாள் பழைய ஆள் வாசல்ல போய் நின்னான்னு…" அங்கே மொழிபெயர்ப்பாளர் என் காதிலிருந்து விலகி நிமிர்ந்துகொண்டார். நிறுத்தச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும்.

நீதிபதி என்னை நேராகப் பார்த்தார்.

"வாங்கினியான்னு கேக்குறார்."

"இல்லிங்க."

"ஏன் வாங்கலன்னு கேக்குறார்."

மனம் மாறித் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "கதவு பூட்டியிருந்துச்சுங்க" என்றேன். இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் சுருக்கவில்லை. அதை அப்படியே அரபியில் சொன்னார்.

நீதிபதி நீண்ட நேரம் எழுதினார். தீர்ப்பு மூன்று வாரம் கழித்து என்றார்.

நிக்காஹ் அந்த மூன்று வாரத்துக்குள் வந்துவிட்டது. அன்று நான் ரூமை விட்டு வெளியே வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பாய் போன் செய்து, "கடைக்கு வா. கூட ஒரு ஆள் இல்லாம எப்படிப் பாக்குறது" என்றார். புதுச்சட்டை போட்டு அத்தர் பூசியிருந்தார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்து போனில் பார்த்தோம். பள்ளிவாசல் கூட்டத்தில் யாரோ பிடித்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. அவருடைய தம்பி அவர் இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்தார். துஆ ஓதும்போது பாய் இரு கைகளையும் ஏந்தினார். போனை நான் பிடித்துக்கொண்டேன். கை ஆடக் கூடாதே என்பது மட்டும்தான் அப்போது என் நினைப்பு. முடிந்ததும் மகள் திரையில் வந்து, "வாப்பா" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதேதோ சொன்னார். போனை வைத்த பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என்னைத் தேற்றுகிற வேலையும் அவருக்கு வந்திருக்கும்.

தீர்ப்பு வந்தது. அனுமதியில்லாமல் கொண்டுவந்த மாத்திரைகள் பறிமுதல். சிறை இல்லை, நாடு கடத்தலும் இல்லை. ஒரு வருடம் அந்த மையத்தின் கண்காணிப்பில் சிகிச்சை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து பரிசோதனையில் தெரிந்தால் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு எது தெரிந்தாலும் ஜெயில். அந்த ஒரு வருடமும் நாட்டை விட்டுப் போகக் கூடாது.

பாயின் பாஸ்போர்ட்டை அன்றே கொடுத்துவிட்டார்கள். அதை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே ஊருக்குப் பறந்தார். மகள் அதற்குள் மாப்பிள்ளையோடு சென்னைக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கம்பெனி என்னை ஸ்டோரில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது, போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த வருடம் மகளுக்குக் காதுகுத்து நடந்தது, மனைவியின் அப்பா இறந்தார். இரண்டுக்கும் நான் போக முடியவில்லை. வியாழக்கிழமைகளில் மாத்திரை, மாதக்கடைசியில் நீதிமன்ற எழுத்தரிடம் அறிக்கை. அவர் அதை வாங்கி ஃபைலில் செருகிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே "கலாஸ்" என்பார், முடிந்தது என்று.

எட்டாவது மாதம் டாக்டர் மருந்தின் அளவை முதல் தடவையாகக் குறைக்கலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பழைய அளவையே எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். நான் பஸ் பிடித்து டியூட்டிக்குப் போனேன்.