மாவு பூசி மூடிய பானை

இதைப் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்துவிட்டது. சென்ற மாதம் எங்களூர் ஒண்டிக்கடைச் சந்திப்பில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இந்நிகழ்ச்சியை எனக்கே எடுத்துரைத்தார். அவர் கூற்றில் என் கணவர் அழுது மண்டியிட்டிருந்தார். பாரிசு நகரத்துப் பேராலயம் ஒன்றும் வந்து சேர்ந்திருந்தது. என் கணவர் மண்டியிடவில்லை. நாங்கள் பாரிசுக்குப் போகவேயில்லை. ஆகவே, நான் கண்டதையும், உடனிருந்த மகளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

வாழவந்திக்கு அருகே ஒரு காப்பித் தோட்டத்தில் என் கணவர் ரைட்டராக, அதாவது கணக்கராக, இருக்கிறார். தொட்டியின் பொறுப்பும் அவருடையதே. தோல் நீக்கிய காப்பிக் கொட்டைகளைச் சிமெண்டுத் தொட்டியில் புளிக்கவிட்டு, மேலுள்ள வழவழப்பு கழன்றதும் கழுவ வேண்டும். முந்திக் கழுவினால் பிசுக்குப் போகாது. பிந்தினால் கொட்டையில் நாற்றம் ஏறும். அந்த வேளையை அவர் முகர்ந்தே அறிவார். ஒரு காய்ச்சலுக்குப் பின் அவருடைய மூக்கு எதையும் அறியாமற்போயிற்று. சேலத்து மருத்துவர் தந்த மருந்துகள் பயன்தரவில்லை. அடுத்த பருவத்தில் ஒரு தொட்டி கெட்டது. யாரும் அவரைக் குறைகூறவில்லை; அதுவே அவரை மிகவும் வருத்தியது. பிரான்சில் பணிபுரியும் மகளைப் பார்த்துத் திரும்பியதும் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டே புறப்பட்டார்.

அந்நாட்டின் கிழக்கே, மகள் வசிக்கும் சிற்றூரில் அந்த உணவகம் இருந்தது. ஆறு மேசைகள். சமைப்பவரும் பரிமாறுபவரும் ஒருவரே. ஏறக்குறைய என் வயதுடைய பெண்மணி. அன்றைய உணவு எதுவென்று கரும்பலகையில் எழுதியிருந்தது. வெளியே குளிர்ந்த மழை பெய்துகொண்டிருந்த நண்பகல் அது.

மகள் பலகையைப் படித்துக்காட்டத் தொடங்கியதும் கணவர் இடைமறித்தார். “எனக்கென்ன கண்ணு, வெந்த காயித அட்டையப் போட்டாலும் திம்பேன். உங்கம்மாவுக்கு எது புடிக்குதோ அதச் சொல்லு.”

“அட்டை இன்னைக்கு இல்லீங்களாம்ப்பா,” என்றாள் அவள். மூவரும் சிரித்தோம். நான் சிரித்தது பாதி நடிப்பு.

உணவகத்து அம்மையார் ஒரு மண்பானையைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தார். மூடியும் பானையும் கூடும் இடத்தைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டியிருந்தார்; அது அடுப்பிலேயே வெந்து இறுகியிருந்தது. உள்ளே மூவகை இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருப்பதாக மகள் சொன்னாள். அடைத்தது முதல் அதுவரை ஓர் இழை ஆவியும் வெளியேறவில்லை. அதை உண்போர் முன்னிலையில்தான் திறக்க வேண்டுமாம். அம்மையார் கத்திமுனையைச் செருகி நெம்பினார். மாவு சிறு ஓசையுடன் விண்டது. எங்களை முன்னே குனியுமாறு சைகை செய்துவிட்டு மூடியை உயர்த்தினார்.

பல மணி நேரம் அடைபட்டிருந்த ஆவி மூன்று முகங்களையும் ஒருசேர நனைத்தது. எதிரே அமர்ந்திருந்த கணவரை அது முழுதும் மறைத்தது. ஆவி விலகியபோது அவர் அசையாமல் இருந்தார்.

“ஏம்புள்ள, தொட்டி கழுவற பதத்துக்கு வந்திருச்சு.”

“சும்மா இருங்க. இங்க வந்துமா எஸ்டேட்டு?”

“வெளையாட்டு இல்ல புள்ள. மூக்குல ஏறுதுங்கறேன்.”

நான் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். மகள் அம்மையாரிடம் விசாரித்தாள். இறைச்சியை முந்திய நாளே வெள்ளைத் திராட்சை மதுவில் ஊறவைத்ததாக அம்மையார் சொன்னார். புளித்த பழத்தின் மணம் அது; அதைத்தான் அவர் தொட்டியின் மணமாக உணர்ந்திருந்தார்.

எனினும் எனக்கு ஐயம் தீரவில்லை. அவரைக் கண்மூடச் சொல்லி, பொடித்த மிளகை மூக்கருகே நீட்டினேன். காரத்தை நாவும் அறியும் என்பதால் வாயிலிட விடவில்லை.

“மொளகு. ஆனா நொம்பப் பழசு. நம்மூட்டு மொளகுகிட்ட நிக்காது.”

“அத நான் அவங்ககிட்டச் சொல்லமாட்டேனுங்கப்பா,” என்றாள் மகள். அம்மையார் வற்புறுத்திக் கேட்கவே, தந்தையின் மூக்கின் கதையை மட்டும் சொன்னாள்.

அம்மையார் உள்ளே சென்று, சிறு தட்டில் சில பொருள்களுடன் திரும்பினார். மற்ற மேசைகளில் பேச்சு அடங்கியது. கணவர் கிராம்பை அறிந்தார். பிரிஞ்சி இலையை அறிந்தார். வெண்ணெயை அறியவில்லை, இருமுறை நீட்டியும் தலையசைத்தார். அந்நாட்டுப் பச்சிலை ஒன்றையும் அறியவில்லை. முன்பு கண்டிராத இலை அது, ஆதலால் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை. ஆரஞ்சுப் பழத்தோலைக் கிள்ளி நீட்டியபோது அவர் அம்மையாரின் கையிலிருந்து அதை வாங்கி, கண்மூடியபடியே நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். நான் பல ஆலயங்களில் நின்றிருக்கிறேன். அந்த ஆறு மேசைகளிடையே நிலவிய அமைதியை வேறெங்கும் கேட்டதில்லை.

“சாப்புடுங்க, ஆறிப்போவுது,” என்று கடைசியில் நான்தான் சொன்னேன்.

ஊர் திரும்பியபின் விலகல் பேச்சை அவரும் எடுக்கவில்லை, முதலாளியும் எடுக்கவில்லை. இப்பருவத்தின் முதல் தொட்டியருகே நானும் நின்றிருந்தேன். அவர் குனிந்து முகர்ந்து, “இன்னும் ஆவுலீங்க,” என்று வேலையாட்களைக் காத்திருக்கச் சொன்னார். மீண்டும் முகர்ந்தபின் கழுவச் சொன்னார். கொட்டை பழுதின்றி இருந்தது.

அன்றைய ஆவியால்தான் முகர்வு மீண்டதா, முன்னரே சிறிது சிறிதாக மீண்டுகொண்டிருந்ததை அன்று நாங்கள் கண்டுகொண்டோமா என்பது எனக்குத் தெரியாது. சேலத்து மருத்துவரும் தம்மால் சொல்ல இயலாது என்றார். அது நிலைத்திருக்குமா என்பதும் தெரியவில்லை.