யாருக்கும் சொல்லக் கூடாத எண்

கீரமங்கலத்துப் பூக்கடைகளில் சொர்ணவல்லியின் கைக்கு ஒரு மதிப்பு உண்டு. அவள் பறித்துக் கொண்டுவரும் மல்லிகையில் காம்பு முறிந்த அரும்பு ஒன்றுகூட இராது என்று கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடை போடுவார்கள். அதே கைகள்தாம், காற்றுப் பலமாக வீசும் நாளில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் பிடிக்க மாட்டா.

கஜா புயல் வந்துபோன ஆண்டிலிருந்து இப்படி. அன்று அவள் கணவர் ரெங்கராஜ், கூட்டுறவுச் சங்க வேலையாகச் சென்ற வெளியூரிலேயே தங்க நேர்ந்தது. கொல்லைக்குப் பின்னால் இருந்த தோப்பில் தென்னைகள் ஒவ்வொன்றாக முறிந்து விழுந்த ஓசையைச் சொர்ணவல்லி தனியே கேட்டுக்கொண்டிருந்தாள். தோப்புப் போயிற்று, ஓசை போகவில்லை. தொலைக்காட்சியில் காற்றழுத்தத் தாழ்வு என்று அறிவித்தாலே அவளுக்கு நெஞ்சை அடைக்கும்; கை நடுங்கத் தொடங்கும்.

ரெங்கராஜ் அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். உறவினர் யார் வந்தாலும், "எங்க வீட்டுலயே ஒரு வானிலை நிலையம் இருக்கு. டிவியில சொல்றதுக்கு முந்தி இவ கை சொல்லிரும்" என்பார். உறவினர்கள் சிரிப்பார்கள். காப்பி டம்ளரை நீட்டியபடி சொர்ணவல்லியும் சிரிப்பாள். வைத்தியம் பலிக்கவில்லை என்றாலும் வைத்தியர் கைவிடவில்லை.

இந்த ஆண்டு அவளால் அப்படிச் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. மகள் இளமதி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருத்துவர் சொன்ன நாளோ கார்த்திகையில், புயல் பருவத்தின் நடுவில் விழுந்தது. பிறந்த சிசுவை இந்தக் கையில் எப்படி வாங்குவது? இரத்த அழுத்த மாத்திரை வாங்கத் துணைச் சுகாதார நிலையத்துக்குச் சென்றபோது, கிராம செவிலியர் பிளெஸ்ஸியிடம் அதை மெல்லச் சொன்னாள்.

"இதுக்கு எதுக்குக்கா வெக்கம்? புதுக்கோட்டைக்குக்கூட அலைய வேணாம். போன்லயே மனநல டாக்டரம்மா மொகத்தப் பாத்துப் பேசுவாங்க. வியாழக்கிழமை ஒரு எடம் இருக்கு, பதிஞ்சுரவா? காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுரும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் பிளெஸ்ஸி.

பிளெஸ்ஸி தன் கைப்பேசியிலேயே விவரங்களைப் பதிந்தாள். கடைசியில் ஓர் ஓடிபி தேவைப்பட்டது. அது ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். சொர்ணவல்லியின் ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் இணைந்திருந்தது கணவரின் எண்ணோடுதான். சொர்ணவல்லி என்றொருத்தி இருக்கிறாள் என்பதை அரசாங்கத்துக்கு உறுதி செய்யும் பொறுப்பில் ரெங்கராஜ் இருந்தார்.

அவரோ பணி ஓய்வுக்குப் பிறகு வேறொரு பொறுப்பையும் மேற்கொண்டிருந்தார். தொலைபேசி மோசடியிலிருந்து ஊரைக் காப்பது அது. டீக்கடையில் சொல்வார், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியை வாங்கியும் சொல்வார்: "பெத்த தகப்பன் கேட்டாலும் ஓடிபியச் சொல்லாதீங்க!"

சொர்ணவல்லி தன் பட்டன் போனில் அவரை அழைத்தாள்.

"ஏங்க, ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

"யாரு பேசுறது?"

"நாந்தாங்க, சொர்ணவல்லி."

"கொரல் அப்புடித்தான் இருக்கு. இப்பக் கொரலையே கம்ப்யூட்டர்ல செஞ்சுர்றானுங்க. நம்ம கல்யாணப் பந்தியில சாம்பாருக்கு உப்புக் கூடவா, கொறைச்சலா?"

"உப்பே போடலங்க! ஒங்க சித்தப்பா எலையை மூடிட்டு எந்திரிச்சுப் போனாரு. இப்ப நம்பரச் சொல்லுங்க."

"சரி, நீதான். எதுக்கு ஓடிபி?"

அவள் சற்றுத் தயங்கி, "சத்து மாத்திரைக்கு" என்றாள்.

"சத்து மாத்திரைக்கு எவன் ஓடிபி கேக்குறான்? எவனோ பக்கத்துல நின்னு மிரட்டுறான். நீ பயப்படாத சொர்ணம், நான் வாரேன்."

பயப்படாதே என்று அவர் சிரிக்காமல் சொன்னது அதுவே முதல் முறை. அதற்குள் எண்ணின் ஆயுள் முடிந்திருந்தது.

"போச்சுக்கா. இன்னொரு தடவ அனுப்பவா?"

"வேணாம்மா. இன்னொண்ணு போச்சுன்னா அந்த மனுசன் போலீஸோட வந்து நிப்பாரு."

வியாழனுக்குள் பதிந்தாக வேண்டும். அவருடைய கைப்பேசியைத் தானே எடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினாள். ஆனால் குளிக்கப் போகும்போதுகூட அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உடன் எடுத்துச் செல்பவர் ரெங்கராஜ். மிரட்டியவனைத் தேடி அலைந்து திரும்பிய அவரே, அன்று மாலை அந்தக் குறுஞ்செய்தியை உரக்கப் படித்தார்.

"மனநல ஆலோசனையாம்! நம்ம வீட்டுல யாருக்கு மனசு கெட்டுப் போச்சு? உதவி எண் வேற போட்டிருக்கான். காலையில கூப்புட்டு நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு."

சொர்ணவல்லி வாய் திறந்தாள். வானிலை நிலையம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ரெங்கராஜ் சலவைச் சட்டை அணிந்து, பையில் பேனாவைச் செருகி, கொல்லைக்குப் பின்னால், முறிந்த மரத்தின் அடிக்கட்டையாக எஞ்சியிருந்த தென்னந்தூர் ஒன்றின்மீது அமர்ந்தார். "சொர்ணம், நீ சாட்சி" என்று சொல்லி, அந்த உதவி எண்ணை அழைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியையும் முடுக்கினார்.

"யாரும்மா நீ? பொம்பளப் புள்ளய வச்சுப் பேசுனா ஏமாந்துருவம்னு நெனைப்பா?"

"கோவமா இருக்கீங்க போல. பரவாயில்லைங்கய்யா, சொல்லுங்க, கேக்குறேன்" என்றது ஒரு பெண்குரல்.

"என்னத்தக் கேப்ப? பேங்க் நம்பரா?"

"அது வேணாங்கய்யா. கொரலு ரொம்ப அசந்து போயிருக்கே, நல்லாத் தூங்குறீங்களா?"

வங்கி, அட்டை, பரிசுக் கூப்பன் என்று எல்லாக் கேள்விக்கும் அவரிடம் மறுமொழி தயாராக இருந்தது; தூக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒலிபெருக்கியை அணைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார். சாட்சி தேவையற்றுப் போனாள்.

அடுப்படிச் சன்னல் வழியாக அவர் பேச்சு மட்டும் கேட்டது. "தூக்கமா... அது போயிருச்சும்மா... எங்கப்பா வச்ச மரங்க... அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. இவ ஒத்தையில கெடந்தா. வந்து பாத்தா அம்புட்டும் படுத்துக் கெடக்கு. இவ கை நடுங்குது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா, சிரிச்சுப்புட்டேன். அப்பப் புடிச்சு சிரிச்சுக்கிட்டே இருக்கேன்."

சொர்ணவல்லி அவருக்கு வைத்திருந்த காப்பியை இரண்டாம் முறை சூடாக்கினாள். வங்கிக் கணக்கு எண் நீங்கலாக மற்ற அனைத்தையும் சொல்லி முடித்து ரெங்கராஜ் உள்ளே வந்தார்.

"விசாரிச்சுட்டேன். நெசமான ஆளுகதான்."

"அப்புடியா?"

"முழுசா வெரிஃபிகேஷன் முடியல. அடுத்த வாரம் திரும்பக் கூப்புடச் சொல்லிருக்கு அந்தப் புள்ள."

அவர் கண் சிவந்திருந்ததைப் பார்த்தபோது, அவள் வாய் தானாகத் திறந்தது. "என்னைய யாரும் மிரட்டலங்க, அந்த நம்பர எனக்காகத்தான் கேட்டேன். டாக்டரப் பாக்க வேண்டியது எனக்குத்தான். இளமதி புள்ளய நான் கீழ போட்டுறாம வாங்கணும்."

அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திறந்து அவள் முன் நீட்டி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஓடிபிய வாயால சொல்லக் கூடாது. வந்தா நீயே பாத்துக்க."

இவ்வாறாகக் கொள்கையும் பிழைத்தது, பதிவும் முடிந்தது. வியாழனன்று கைப்பேசித் திரையில் மருத்துவர் தோன்றியபோது, "டவர் கெடைக்குதான்னு பாக்குறேன்" என்று ரெங்கராஜ் வாசற்படியிலேயே நின்றார். "அங்கிட்டுப் போங்க" என்றாள் சொர்ணவல்லி. அவரும் போனார்.

ஆனால் புதிய இடர் ஒன்று முளைத்தது. ரெங்கராஜின் வெரிஃபிகேஷன் வாரந்தோறும் நீண்டது. நோயாளிகள் இருவர், கைப்பேசி ஒன்று. அவளை மருத்துவர் அழைக்கும் நேரமெல்லாம் அவர் தென்னந்தூரில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்த சொர்ணவல்லி, ஒருநாள் பூக்கடையிலிருந்து நேரே சென்று புதிய கைப்பேசியும் தன் பெயரில் ஒரு சிம்மும் வாங்கினாள். ஆதாரிலும் எண்ணை மாற்றிக்கொண்டாள். முதல் ஓடிபி வந்து ஒலித்தபோது ரெங்கராஜ் எட்டிப் பார்த்தார்.

"என்ன நம்பர் வந்திருக்கு?"

"யாரு பேசுறது?" என்று கேட்டாள் சொர்ணவல்லி.

கார்த்திகையில் இளமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வானம் கறுத்து, சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. சொர்ணவல்லி, மருத்துவர் கற்பித்தபடி தரையில் அமர்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, மூச்சை மெல்ல விட்டு, மடியில் குழந்தையை வாங்கினாள். கை நடுங்கத்தான் செய்தது. குழந்தை அதைப் பொருட்படுத்தாமல் கொட்டாவி விட்டது.

பார்க்க வந்திருந்த உறவினர் ஒருவர் பழைய நினைவில், "என்ன மாப்ள, வானிலை நிலையம் வேலையக் காட்டுது போல?" என்று சிரித்தார்.

ரெங்கராஜ் எழுந்து சன்னலைச் சாத்தித் தாழிட்டார். பிறகு மனைவியின் அருகில் தரையில் வந்து அமர்ந்து, குழந்தையின் தலைக்குக் கீழே தன் கையையும் கொடுத்தார்.

"ஆமா மாமா. இப்ப அந்த நிலையத்துல நாங்க ரெண்டு பேரு வேலை பாக்குறோம்."