ஏதேனில் கேட்காத இரண்டு கேள்விகள்

எங்கள் முன்னறைச் சுவரில், கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா ஒன்று தொங்குகிறது. சனிக்கிழமைதோறும் அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவது என் வழக்கம். ஓரத்துப் பூவேலை மங்கிவிட்டது; எழுத்து மங்கவில்லை. ஹட்டனில் அச்சடித்தது. எழுதியவர் என் தாய்மாமா.

மாமா வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தார். கொழுந்து இரவில்தான் தூளாகும் என்பதால், ஊர் உறங்கும் நேரமெல்லாம் அவர் ஃபெக்டரியில் விழித்திருப்பார். அந்த நேரத்தில்தான் பாட்டு வரும் என்பார். எங்கள் சபையில் யாருக்குக் கலியாணமானாலும் வாழ்த்துப்பா அவருடையதுதான். கலியாணத்தன்று, விருந்துக்கு முன் வாசிப்பது வழக்கம். எனக்கு மட்டும் நிச்சயத்தன்றே வாசித்தார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இலங்கை சுதந்திரமடைந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். நல்ல இடம் என்று அப்பா முடிவு செய்தார். கலியாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா முடிவு செய்தார். இரண்டையும் அம்மாதான் எனக்குச் சொன்னாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் இருந்த என் சாக்குக்கட்டிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியின் மேல் வைத்தேன். மறுநாள் வந்த மாமா அதை அண்ணாந்து பார்த்தார். "இது வீட்டுல என்னம்மா பண்ணுது?" என்றார். நான் அவருக்குத் தேநீர் போடப் போனேன்.

நிச்சயத்தன்று வட்டவளைக்கே உரிய மழை. தகரக் கூரையில் அது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்த மாமாவின் புருவத்தில் தேயிலைத் தூசி ஒட்டியிருந்தது. மழைக்கு மேலாகக் கேட்கவேண்டும் என்று, பாட்டு வாசிக்கும் குரலில் இல்லாமல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் குரலில் அவர் வாசித்தார். நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

விலாவெலும் பொன்றை இறைவன் எடுக்க
உறங்கிக் கிடந்தவன் ஒன்றும் அறியான்.
வேண்டுமா என்றவனை வினவவும் இல்லை;
வருவாயா என்றவளை வினவவும் இல்லை.

மூன்றாம் வரியில் மழை சட்டென்று ஓய்ந்தது. நான்காம் வரியை மாமா அதே உரத்த குரலில் சொன்னதால், அமைதியான வீட்டுக்குள் அது யாரையோ அதட்டியதுபோல் விழுந்தது.

முதலில் பேசியவர் மாப்பிள்ளையின் அப்பா. "விலா எலும்புன்னா வளைஞ்சதுதானே. பொம்பளைய நாமதான் பாத்து நிமித்தணும்னு டீமேக்கர் ஐயா சொல்றாரு."

அப்பா பதறினார். "அப்படி இல்லைங்க சம்மந்தி. நெஞ்சுக்குப் பக்கத்து எலும்புங்க. அன்பத்தான் சொல்றாரு. என்ன மச்சான், அப்படித்தானே?"

மாமா தாளை மடிக்கவில்லை. "எல்லாரும் எலும்பையே புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஆதாம் தூங்கிக்கிட்டு இருந்தாரே, அத யாரும் பாக்கலியே? அவரு தூங்கினாரு, ஏவாள் பொறக்கவே இல்ல. ரெண்டு பேருக்கும் தெரியாமலே காரியம் முடிஞ்சிருச்சு. அங்க செஞ்சது ஆண்டவர், அவருக்குத் தெரியும். இங்க செய்யிறது நாம."

"அப்ப எங்க பையன் தூங்குமூஞ்சிங்கிறீங்களா?" சம்மந்தியின் குரல் ஏறியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர்கள் எழுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சம்பந்தம் முறிந்தால் அந்தப் பேச்சு மஸ்கெலியா வரை போகும். முறியாவிட்டால் சாக்குக்கட்டிப் பெட்டி அலமாரியின் மேலேயே இருக்கும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எழுந்தவர் மாப்பிள்ளை. "அப்பா, கொஞ்சம் இருங்க" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"நான் கேக்குறேன். உங்களுக்குச் சம்மதமா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஸ்கூல் வேலைய விடச் சொல்லாட்டிச் சம்மதங்க." அதோடு நின்றிருக்கலாம். பாட்டில் கேள்விகள் இரண்டு என்பது நினைவுக்கு வந்தது. "உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "என்கிட்டயும் யாரும் கேக்கலைங்க. இப்ப நீங்க கேட்டீங்க, சரிங்கிறேன். எங்க தோட்டத்து ஸ்கூல்லயும் சின்ன கிளாசுக்கு டீச்சர் இல்லாமத்தான் இருக்கு."

சம்மந்தி மகனையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் பாட்டக் கேக்காம இருந்திருந்தா நிம்மதியா டீ குடிச்சிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அந்த இரைச்சல் எனக்கு உதவியாக இருந்தது. நான் அழுதது வெளியே கேட்கவில்லை. அது துக்கத்தில் வந்த அழுகை அல்ல.

வாழ்த்துப்பாவைக் கலியாணத்தன்று வாசித்திருந்தால் காலம் கடந்திருக்கும். மாமா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது ஐந்தாவதாக ஒரு வரி மட்டும் சேர்த்தார்: கேட்டார் இருவர், கிடைத்தது பதிலே. சாக்குக்கட்டிப் பெட்டியோடு நான் மஸ்கெலியாவுக்குப் போனேன். பணி ஓய்வு இன்னும் வரவில்லை.

சென்ற வாரம் எங்கள் மகளுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நானே தலையாட்டிவிட்டேன். என் கணவர் தரகரை உட்காரச் சொல்லிவிட்டு, எழுந்து போய் மகளின் அறைக் கதவைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டாச்சு. வேணாங்கிறா" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

தரகர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் சட்டத்தைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினேன்.