வெள்வேல மரங்களில் சிவப்புத் துணி

கம்பி கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டினார் ஈஸ்வரமூர்த்தி. உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் நதியா டீச்சரும் மாட்டிக்கொண்டார்கள். சேவூருக்கு வெளியே, கிளுவை முள்வேலி சூழ்ந்த, வெள்வேல மரங்கள் நிற்கும் அவர்கள் குடும்பத்து மேய்ச்சல் காடு அது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தக் காடு நதியாவுக்கு என்னவென்று அவள் வளர்ந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தாய் ஒச்சாயியின் இடுப்பில், பனியன் கம்பெனிகள் நெருங்கிய வீரபாண்டிக்கு வந்தவள். ஒற்றை அறை லைன் வீடு; ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். விடுமுறையெல்லாம் அம்மாவோடு கம்பெனியில் பனியன்களின் நூல் பிசிறு வெட்டியே படித்தாள். அங்கேயே டீச்சரானபோது அவளுக்கிருந்தது ஒரே ஆசை. தன்னைப் போன்ற பிள்ளைகளை மாதம் ஒருமுறையாவது மரத்தடியில் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டும்.

தலைமையாசிரியர் பெருமாள்சாமி அரை மனதோடுதான் சம்மதித்தார். "வெளிய இருந்து ஒரே ஒரு புகார் வரட்டுங்க டீச்சர், அன்னைக்கே நிறுத்திப்போடுவேன்."

காட்டின் சொந்தக்காரர்களில் ஒருவரான மகுடேஸ்வரனிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தாள். காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் அவர், சரக்கு அனுப்பும் அவசரத்தில், காட்டிலேயே குடியிருக்கும் அண்ணன் ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்ல மறந்துபோனார்.

நதியாவும் ஒரு தவறு செய்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு மரம். அதில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கவனிக்க வேண்டும். மரம் மாறிப்போகாமலிருக்க, சிவப்புப் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து எண் எழுதிக் கட்டச் சொன்னாள். வீரபாண்டியில் அது எண்ணெய்க் கை துடைக்கும் துணி. இங்கே அதைக் கண்டால் வயிறு எரியும் என்று அந்தப் பேதைக்கு எப்படித் தெரியும்?

"ஆருங்க உங்களை அனுப்புனது? கரண்டு டவர்க்காரங்களா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இல்லைங்கய்யா, நான் டீச்சர். உங்க தம்பிகிட்டக் கேட்டுத்தான் வந்தோம்."

"போன வருசமும் மரம் எண்ற காலேஜ் பசங்கன்னுதானுங்க வந்தாங்க. சேப்புத் துணி கட்டி நெம்பர் போட்டாங்க. நெம்பர் போட்ட மரத்தையெல்லாம் அறுத்துப் போட்டுட்டு டவர் நட்டுட்டாங்க."

சத்தம் கேட்டு வந்து நின்ற பக்கத்துக் காட்டுக்காரர் செந்தில்வேல் எள்ளினார். "தொப்பியும் பையும் பாருங்க, சர்வேக்காரியாட்டவே இருக்குது. டீச்சராமா, டீச்சர்!"

நதியா அழைத்துப் பார்த்தாள்; மகுடேஸ்வரனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. "துணியை அவுத்துடுங்கப்பா" என்றாள் பிள்ளைகளிடம். எல்லோரும் அவிழ்த்தார்கள். ஜோதிகா மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன் மிஸ்! மேல குஞ்சு கத்துது. இது என் மரம்!"

ஐயோ, எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதோ அதையே சொல்லிவிட்டாள்!

"உன்ற மரமா?" ஈஸ்வரமூர்த்தியின் முகம் கறுத்தது. "அதுக்குள்ள பட்டாவே ஆயிருச்சா கண்ணு?" நதியாவின் பக்கம் திரும்பினார். "உங்க ஹெட்மாஸ்டரை ஸ்பீக்கர்ல பேசச் சொல்லுங்க. இல்லீன்னா போலீசு வரட்டும்."

நதியாவின் விரல் போன் மேல் தயங்கியது. அழைத்தால் அவளது கனவு அத்தோடு செத்துவிடும். பின்னால் ஒரு பிள்ளை விசும்பத் தொடங்கியது. அழைத்தாள்.

"சார், காட்டுக்காரர் எங்களைச் சந்தேகப்படுறாரு. நான் நம்ம ஸ்கூல் டீச்சர்தான்னு சொல்லுங்க சார்."

"டீச்சர்தான், ஆர் இல்லீன்னது? சொன்னேனுங்களா இல்லீங்களா? புள்ளைகளை வெச்சுட்டு ஊர்க்காரங்களோட வம்பா? உடனே கூட்டிட்டு வாங்க. இனி வெளிய வகுப்பே கிடையாது!"

இணைப்பு அறுந்தது. நதியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி மெல்லப் பூட்டைத் திறந்தார். "வகுப்பே கிடையாதுங்கறாரு?"

"உங்களாலதான்!" என்று கத்தினாள் ஜோதிகா.

அவர் நதியாவின் போனை வாங்கி மறுபடி அழைத்தார். பெருமாள்சாமி எடுக்கவில்லை. பிள்ளைகள் தலை குனிந்து வேனில் ஏறினார்கள். கடைசியாக ஈஸ்வரமூர்த்தியும் ஏறினார்.

"ஏனுங்க, நீங்க எங்க போறீங்க?" என்றார் செந்தில்வேல் திகைத்து.

"புகாரு என்னுதுன்னா நாந்தானுங்க ஹெட்மாஸ்டர்கிட்டப் போயித் திருப்பி வாங்கோணும்." ஜோதிகாவைப் பார்த்துத் தயங்கினார். "கொஞ்சம் நகுந்து உக்காரு சாமி."

அவள் முறைத்தாள். வேன் குலுங்கிக் கிளம்பியபோது, வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் நகர்ந்தாள்.